இரண்டு மின்கார்களும் ஒரு முன் சீட்டும்

1

ஈஸ்டர் விடுமுறை முடிந்துவிட்டால் இந்த ஊரில் எல்லோருக்கும் ஒரே வேலைதான். குளிர்காலத்து டயர்களைக் கழற்றிவிட்டுக் கோடைக்கான டயர்களை மாட்ட வேண்டும். நார்வேயின் மேற்குக் கரையில் இருக்கும் ஸ்டவாங்கருக்கு நாங்கள் குடிவந்து வருடங்கள் ஓடிவிட்டன. இன்னும் இந்த டயர் விஷயம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ராஜபாளையத்தில் டயர் என்பது தேய்கிற வரைக்கும் ஓடும், தேய்ந்த பிறகும் கொஞ்ச நாள் ஓடும். இங்கே அதற்கு வருடத்துக்கு இரண்டு உடுப்பு.

இன்று காலை எங்கள் காரை அந்த வேலைக்கு விட்டிருந்தேன். உள்பக்கத்தையும் துடைத்துத் தருகிறோம் என்றார்கள், சரி என்றேன். திரும்ப எடுக்கப் போனபோது கவுண்டரில் இருந்த பெண் சாவியோடு ஒரு சின்ன பிளாஸ்டிக் பையையும் என் பக்கம் நகர்த்தினாள். "முன் சீட்டுக்கு அடியில் கிடந்தது. குப்பையா, வேண்டியதா என்று தெரியவில்லை. அதனால் எடுத்து வைத்தோம்" என்றாள்.

பைக்குள் ஒரு எலுமிச்சம்பழம். கறுத்துச் சுருங்கி, கல்லாக இறுகிப்போயிருந்தது.

வேண்டியதுதான் என்று வாங்கிக்கொண்டேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. இந்த ஊரில் யாரும் எதையும் எதற்கு என்று கேட்க மாட்டார்கள். வந்த புதிதில் அது பெரிய நிம்மதியாக இருந்தது. இப்போது சில நாட்களில் யாராவது கேட்டுத் தொலைக்க மாட்டார்களா என்று இருக்கிறது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அது என் அம்மாவின் பழம். போன கோடையில் இந்தக் காரின் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தபோது மடியிலிருந்து உருண்டு விழுந்தது. அவர் அதைத் தேடவே இல்லை.

அம்மா கையிலிருந்த எலுமிச்சம்பழத்தைத் தவறவிட்டுத் தேடாமல் இருந்தார் என்பது எங்கள் குடும்பத்தில் எவ்வளவு பெரிய செய்தி என்று சொல்ல வேண்டுமானால், கார் வாங்கிய கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

2

போன வருடம் எங்கள் பழைய டீசல் கார் சாகக் கிடந்தது. இங்கே புதிதாக வாங்குகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே மின்சாரக் கார்தான் வாங்குகிறார்கள். என் கணவர் குமாருக்கு நல்ல செடான் ஒன்று வாங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கடலடிக் குழாய்களில் எங்கே விரிசல் வரும் என்று கணக்குப் போடுகிற உத்தியோகம் அவருக்கு. அதனால் ஒரு மிக்ஸி வாங்குவதாக இருந்தாலும் அட்டவணை போட்டுவிட்டுத்தான் வாங்குவார். பேட்டரி எவ்வளவு, குளிரில் எத்தனை கிலோமீட்டர் குறையும், டிக்கியில் எத்தனை பெட்டி பிடிக்கும் என்று வடிகட்டிக் கடைசியில் இரண்டு கார்கள் நின்றன. இரண்டுமே எங்கள் தகுதிக்கு ஒரு படி மேல்.

ஒன்று நீலம். உள்ளே நுழைந்தால் ஒரு பொத்தான் கிடையாது, நடுவில் ஒரு திரை மட்டும். பூச்சு வேலை, மினுக்கு எதுவும் இல்லை. காலை வைத்தால் பாய்ந்துவிடும். இன்னொன்று சாம்பல் நிறம். நீளமாக, நிதானமாக இருக்கும். கதவை விரலால் தொட்டால் போதும், மீதியை அதுவே பதமாகச் சாத்திக்கொள்ளும். பின் சீட்டு ஒரு கல்யாண மண்டபத்துச் சோபா மாதிரி.

நான் நீலத்துக்கு ராஜபாளையம் என்றும் சாம்பலுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் என்றும் பெயர் வைத்தேன். நான் பிறந்தது ராஜபாளையம், அவர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். பஸ் ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்கி மீதிச் சில்லறை வருவதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து இரண்டு ஊருக்கும் எங்கள் வீட்டில் சண்டை ஓயவில்லை. எங்கள் ஊர் ஷிப்டுக்குச் சங்கு ஊதினால் எழுந்து வேலைக்குப் போகிற ஊர் என்பேன் நான். "ஆமா, எங்க ஊருக்கு வந்து சாமி கும்பிட்டு, பால்கோவா வாங்கித் தின்னுட்டு, பொறவு எங்களையே சோம்பேறின்னு சொல்ற ஊரு" என்பார் அவர்.

வேடிக்கை என்னவென்றால், அவருடைய அட்டவணை ராஜபாளையத்துக்கு ஓட்டுப் போட்டது. நான் ஸ்ரீவில்லிபுத்தூர்தான் வேண்டும் என்று நின்றேன். காரணம் அந்தப் பின் சீட்டு. அம்மா வருகிறார், அவர் அதில் உட்கார வேண்டும்.

3

அப்பா போன பிறகு அம்மா ராஜபாளையத்து வீட்டில் தனியாக இருந்தார். தம்பி பட்டாளத்தில் இருக்கிறான். லீவுக்கு வருவான், போவான். கோடைக்கு மூன்று மாதம் எங்களோடு வந்து இருங்கள், பிடித்தால் வருடா வருடம் வாருங்கள் என்று நான் இரண்டு வருடமாகக் கெஞ்சினேன். கடைசியில் சம்மதித்தபோது ஒரு நிபந்தனை போட்டார். "ஒரு தடவ வந்து பாக்கேன். தோது இல்லன்னா பொறவு கூப்பிடக் கூடாது, சரியா?"

அவர் பயந்தது விமானத்துக்கு இல்லை, குளிருக்கும் இல்லை. காருக்கு.

அம்மாவுக்குக் கார் ஆகாது. ஏறிய சிறிது நேரத்தில் முகம் வெளுக்கும், நெற்றி வேர்க்கும், பிறகு வாந்தி. இதை நாங்கள் மழைக்காலம், வெயில்காலம் மாதிரி ஒரு இயற்கையாக ஏற்றுக்கொண்டு வளர்ந்தோம். அப்பா பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடம் வைத்திருந்தார். பழைய வெள்ளைக் கார் ஒன்று வாங்கினார், அதுதான் எங்கள் குடும்பத்தின் முதல் கார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்கோ, மகாராஜபுரத்தில் சித்தி வீட்டுக்கோ கிளம்புகிற அன்று அப்பா முதல் வேலையாக மார்க்கெட்டுக்குப் போய் நல்ல எலுமிச்சம்பழமாகப் பொறுக்கி வருவார். அம்மா பின் சீட்டில் ஏறி, கண்ணை மூடி, நகத்தால் தோலைக் கீறிக் கீறி மோந்துகொண்டே வருவார். அப்பா மெதுவாகத்தான் ஓட்டுவார். மேடு பள்ளம் வந்தால் முன்கூட்டியே "ஜெயா, பள்ளம் வருது" என்பார். ஓரங்கட்டி நிறுத்தச் சொன்னால் முகம் சுளிக்காமல் நிறுத்துவார், தண்ணீர் எடுத்துக் கொடுப்பார். அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

முன் சீட்டில் யார்? பெரியப்பா வந்தால் பெரியப்பா. தாய்மாமா வந்தால் தாய்மாமா. பெரிய ஆண்கள் யாரும் இல்லாவிட்டால் என் தம்பி. அவனுக்குக் கால் தரையில் எட்டாது. அவனும் இல்லாமல் அப்பாவும் அம்மாவும் மட்டும் போனால் முன் சீட்டில் அப்பாவின் சாம்பிள் துணிக்கட்டு உட்கார்ந்திருக்கும். அம்மா அப்போதும் பின்னால்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் நெருங்கும்போது முன்னால் இருப்பவர் யாரோ அவர்தான் "கோபுரம் தெரியுது" என்று சொல்வார். அது முன் சீட்டின் உரிமை. அம்மா கண்ணைத் திறக்காமலே, பழம் இருக்கிற கையோடு இன்னொரு கையைச் சேர்த்துக் கும்பிடுவார்.

பஸ்ஸில் இவ்வளவு கிடையாது. ஜன்னலோரம் கிடைத்துவிட்டால் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பு வரைக்கும்கூட ஒன்றும் ஆகாமல் போய் வந்திருக்கிறார். பஸ் என்றால் காற்று வரும், கார் என்றால் அடைசல், அதனால்தான் என்று நாங்களே ஒரு விளக்கம் சொல்லி, அதோடு விட்டுவிட்டோம்.

4

விமான நிலையத்தில் இறங்கியதும் அம்மா எங்கள் பழைய காரின் பின் கதவைத் தானே திறந்து ஏறிக்கொண்டார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் மகள் இனியா முன்னால். பாதி வழியில் நிறுத்தினோம்.

இனியாவுக்குப் பதினெட்டு வயது. தமிழ் புரியும், பதில் நார்வே மொழியில் வரும், அல்லது நார்வே மொழியின் மேடு பள்ளத்தோடு தமிழில் வரும். அன்று வீட்டுக்கு வந்ததும் என்னிடம் கேட்டாள். "அம்மாச்சிக்கு உடம்பு முடியலன்னா ஏன் முன்னாடி உக்காரல?"

"அப்பா ஓட்டுறாங்கல்ல. மாமியார் மருமகன் பக்கத்துல உக்கார மாட்டாங்க."

"ஏன்?"

"அது அப்படித்தான்."

அவள் தோளைக் குலுக்கிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அந்த ஆகஸ்டில் அவள் படிக்க ட்ரோன்ட்ஹெய்முக்குக் கிளம்புவதாக இருந்தது. அவள் மனம் ஏற்கெனவே பெட்டி கட்டிவிட்டது, உடம்பு மட்டும்தான் எங்களோடு சாப்பிட உட்காரும். அம்மா அவளிடம் பேச ஆசைப்பட்டுச் சீக்கிரமே எழுந்து காத்திருப்பார். அவள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு இறங்கி வந்து, அம்மாச்சிக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு ஓடிவிடுவாள்.

நீலக் காரைச் சோதித்துப் பார்க்க எல்லோரும் போனோம். பின் சீட்டுக்குத்தானே கார் தேடுகிறோம், அம்மா உட்கார்ந்து பார்க்கட்டும் என்றது நான்தான். இந்த மின்கார்களில் ஒரு விசேஷம் உண்டு. காலை எடுத்தாலே வண்டி தானாக இழுத்துப் பிடிக்கும். ஓட்டுகிறவருக்கு அது சொகுசு. பின்னால் இருப்பவருக்குத் தலை முன்னும் பின்னும் ஆடும். முதல் சுரங்கப்பாதை முடிவதற்குள் அம்மா என் கையைப் பிடித்துவிட்டார். பைக்குள் வாந்தி எடுத்தார், ஆனாலும் கொஞ்சம் தரை விரிப்பில் பட்டது.

கடைக்குத் திரும்பியதும் ஹென்ரிக் என்ற விற்பனைப் பையன் தண்ணீரும் காகிதத் துண்டும் கொண்டு ஓடி வந்தான். அம்மாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. தமிழ் தெரியாத மனிதரிடம் பேச அம்மாவுக்குத் தெரிந்த ஒரே வேற்றுமொழி தெலுங்கு. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தெலுங்கு பேசுவார்கள். "பரவாலேது பாபு, பரவாலேது" என்றார் அவனிடம். அவனும் என்னவோ புரிந்தவன் மாதிரி தலையாட்டினான். அவர் சொன்னது என்ன என்று பிறகு என்னிடம் கேட்டான். பரவாயில்லை தம்பி என்கிறார், ஆனால் அது அவருடைய மொழியும் இல்லை என்றேன். அவன் குழம்பியதை அன்று தீர்த்துவைக்க எனக்குத் தெம்பில்லை.

சாம்பல் கார் இன்னும் மெத்தென்று போனது. அம்மா கொஞ்சம் அதிக நேரம் தாக்குப்பிடித்தார். சுரங்கத்துக்குள்ளேயே ஒரு ரவுண்டானா வருகிறது இங்கே. அதில் சுற்றியதும் முடிந்தது.

"என்னைய விட்ருங்க" என்றார் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டு. "உங்களுக்குப் பிடிச்ச வண்டிய வாங்குங்க. நான் வீட்டுல கெடக்கேன்."

"மலையெல்லாம் சுத்திக் காட்டணும்னு நெனச்சேனேம்மா."

"மலை எங்க ஊர்லயும்தான் இருக்கு. ஜன்னல்ல பாத்தாத் தெரியும்." பிறகு மெல்லச் சொன்னார். "அடுத்த வருசம் கூப்பிடாத விஜி. மாப்ளைக்கும் சங்கடம், எனக்கும் அசிங்கமா இருக்கு."

நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

5

அதன் பிறகு அம்மா காரில் ஏறவில்லை. எங்கே போனாலும் பஸ்தான். எங்கள் நிறுத்தத்தில் ஏறினால் முன்பக்கத்தில், ஓட்டுநருக்கு அடுத்தாற்போல் பெரிய கண்ணாடிக்குப் பின்னால் ஒரு இடம் இருக்கும். அம்மா அதைப் பிடித்துக்கொள்வார். ஒருநாளும் பழம் தேவைப்படவில்லை. பஸ்ஸில் ஜன்னலைத் திறக்கவே முடியாது, காற்று வர வழியே இல்லை. அதைக் கவனித்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

இங்கே என் ஓட்டுநர் உரிமத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஊரில் வாங்கிய உரிமம் இங்கே செல்லாது. முதலிலிருந்து படித்து, பனியில் கார் சறுக்கினால் சமாளிக்கச் சறுக்குத் தளத்தில் ஓட்டிப் பழகி, பரீட்சை எழுதி, ஓட்டிக் காட்ட வேண்டும். ஒவ்வொரு அலுவலகமும் இன்னொரு அலுவலகத்தின் தாளைக் கேட்டது. முதல் தடவை தேர்வாளர் வலதுபக்கம் திரும்பச் சொன்னபோது நான் இடதுபக்கம் போய்ச் சேர்ந்தேன். வலம், இடம் எனக்கு எந்த மொழியில் சொன்னாலும் சோத்தாங்கை, பீச்சாங்கை என்று ஒருமுறை மனசுக்குள் ஓட்டினால்தான் விளங்கும். அவர் சொல்லி, அதை நான் சோத்தாங்கைக்குக் கொண்டுபோய்த் திரும்புவதற்குள் சந்திப்பு போய்விட்டது. இரண்டாம் தடவை தேறினேன். அந்த அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொண்டதோடு சரி. குடும்பமாகப் போனால் குமார் ஓட்டுவார், வேலைக்கு நான் பஸ்ஸில் போவேன். பழக்கம் அப்படி ஆகிவிட்டது.

குமார் பொறுமையாக இருந்தார். கடைசியாகச் சாம்பல் காரை ஒரு வெள்ளிக்கிழமை மாலை வாங்கி வந்தார். திங்கட்கிழமை வரைக்கும் வைத்திருந்து பார்க்கலாம் என்று கொடுத்தார்களாம். அதில் என்ன பார்ப்பதற்கு இருக்கிறது என்று நான் சுரத்தில்லாமல் இருந்தேன். சனிக்கிழமை இனியாவின் விடுதி அறைக்கு ஒரு புத்தக அலமாரி வாங்க வேண்டியிருந்தது. அவளும் குமாரும் காரில் போனார்கள். நானும் அம்மாவும் பஸ்ஸில் போய் அந்தக் கடை வாசலில் சேர்ந்துகொண்டோம்.

அலமாரி பிரித்துக் கட்டிய நீளப் பெட்டியாக வந்தது. ஒன்று வாங்கப் போய், கூடவே ஒரு மேசையும் சேர்ந்துவிட்டது. பெட்டிகளைத் திணிக்க இரண்டு பின் சீட்டையும் மடக்க வேண்டியதாயிற்று. எதற்காக அந்தக் காரை நான் தேடினேனோ அந்தச் சோபாவின் மேல் பலகைகள் ஏறிப் படுத்துக்கொண்டன. அப்போது மழை பிடித்தது. இந்த ஊர் மழை மேலிருந்து பெய்யாது, பக்கவாட்டில் வரும். அம்மாவின் சேலை முழங்கால் வரை நனைந்துவிட்டது. எங்கள் பஸ் அப்போதுதான் போயிருந்தது, அடுத்ததற்கு வெகுநேரம் இருந்தது.

"அத்தை முன்னால ஏறட்டும், நான் வீட்டுல விட்டுட்டு வாரேன்" என்றார் குமார்.

அம்மா ஓரடி பின்னால் போனார். "அய்ய, அது எப்படி. மாப்ள பக்கத்துல சரிசமமா உக்காந்துக்கிட்டு. நான் நின்னுக்கிறேன், பஸ் வரும்."

"நனையிறீகளே அத்தை."

"நனைஞ்சா காயும்."

குமார் என்னைப் பார்த்தார். மனிதருக்கு அட்டவணை இல்லாமலும் சில சமயம் மூளை வேலை செய்யும். சாவியை என் கையில் வைத்தார். "நீ ஓட்டு. நானும் இனியாவும் பஸ்ல வாரோம்."

"எனக்கு இந்த வண்டி தெரியாது."

"மிதிச்சாப் போகும், எடுத்தா நிக்கும். அம்புட்டுத்தான்."

இனியா முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவுக்கு மறுக்க வேறு காரணம் கிடைக்கவில்லை, ஓட்டுவது மகள். அவர் ஏறி உட்கார்ந்தார். அறுபத்தைந்து வயதில், என் நினைவுக்குத் தெரிந்து, முதல் தடவையாக ஒரு காரின் முன் சீட்டில். சீட் பெல்ட் எங்கே என்று தெரியாமல் தேடினார். இனியா குனிந்து மாட்டிவிட்டாள்.

6

சீட்டை முன்னால் நகர்த்திக்கொண்டு வண்டியை எடுத்தேன். அம்மா பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். இந்த ஊர்ப் பழம் மெழுகு தடவி மினுங்கும், மோந்தால் ஒன்றும் வராது. ஆனாலும் கீறினார்.

முதல் சிக்னலில் கேட்டேன். "அம்மா, ஒரு மாதிரியா இருக்கா?"

திரும்பிப் பார்த்தால் கண் திறந்திருந்தது.

நான் மறுபடி கேட்கவில்லை, கேட்டால் வந்துவிடுமோ என்ற பயம். பெரிய சாலையில் ஏறினோம். மழைத் துடைப்பான் போய் வந்துகொண்டிருந்தது. ரவுண்டானா வந்தது, அம்மா அது வருவதற்கு முன்பே வளைவுக்குத் தோதாக உடம்பைச் சாய்த்தார். லாரி வந்தது, "ஏட்டி, லாரி" என்றார். "பாத்தேம்மா" என்றேன். சுரங்கத்துக்குள் போய் வெளியே வந்தோம். அதற்கப்புறம் ஒரு மேடு. மேட்டின் உச்சியில் சாலை திரும்பும், திரும்பியதும் எதிரே நிலத்துக்குள் நீண்டு நுழைந்த கடல்கழியும் அதன் அந்தப் பக்கத்து மலைகளும் ஒரேயடியாக வந்து நிற்கும். நான் தினமும் பஸ்ஸில் பார்க்கிற இடம்தான்.

அம்மா இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டார். கும்பிடப் போகிறார் என்று நினைத்தேன். கும்பிடவில்லை.

"விஜி" என்றார். "கோபுரம் தெரியுதுன்னு முன்னால இருந்து சொல்லுவாகளே. இப்படித்தான் எதுக்க வந்து நிக்குமா?"

என்னால் ஓட்ட முடியவில்லை. பஸ் நிற்பதற்காகச் சாலையோரம் ஒதுக்கிய இடம் ஒன்றில் ஓரங்கட்டி நிறுத்தினேன். வாந்தி எடுப்பதற்காக இல்லாமல் அம்மாவோடு நான் காரை நிறுத்திய முதல் இடம் அது.

"ஒன்னும் பண்ணலயாம்மா?"

"ஒன்னும் பண்ணல" என்றார், தன் வயிற்றைத் தானே நம்பாதவர் போல. "ரோடு வாறது தெரியுது. எங்க திரும்புது, எங்க நிக்குது எல்லாம் தெரியுது. பொறவு எதுக்குக் கொமட்டுது?"

அவ்வளவுதான் விஷயம். வழி தெரிந்தால் அவருக்கு ஒன்றும் ஆகாது. எத்தனை எலுமிச்சம்பழம், எத்தனை பள்ளம் வருது ஜெயா, எத்தனை தண்ணீர்ப் பாட்டில். அப்பா எல்லாம் செய்தார். துணிக்கட்டைத் தூக்கிப் பின்னால் வைத்திருந்தால் போதும், அது மட்டும் அந்த நல்ல மனிதருக்குத் தோன்றவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை. அம்மாவுக்கே தோன்றவில்லை. கோபப்பட ஆள் தேடினேன், யாரும் அகப்படவில்லை. அதுதான் இன்னும் அழுகையாக வந்தது.

அம்மா என் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "பின்னால பஸ்காரன் வாரான். வண்டிய எடு" என்றார்.

7

அன்று சாயங்காலம் குமார் அட்டவணையைத் திறந்தார். பின் சீட்டு பிரச்சினை தீர்ந்துவிட்டதால் நீலத்தையே எடுத்துவிடலாமே என்றார். விலையும் அதுதான் கம்மி. நான் யோசித்தேன். அம்மா மிளகு ரசத்தை ஆற்றிக்கொண்டே சமையலறையிலிருந்து சொன்னார். மருமகன் இருக்கும்போது கூடத்துக்கு வந்து உட்கார்ந்து பேச மாட்டார், ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து எதையும் பேசுவார்.

"விஜி, நீ எதுல ஓட்டுவ?"

"இன்னைக்கு ஓட்டினது சாம்பல் கலரும்மா. அது பிடிபட்டுருச்சு."

"அப்ப அத வாங்கச் சொல்லு. உனக்குக் கை பழகின வண்டியா இருந்தாத்தான் நான் ஏற முடியும்."

குமார் திரையை மூடினார். "எப்படிச் சுத்துனாலும் ராஜபாளையத்துக்காரி கடைசில வில்லிபுத்தூர்லதான் வந்து சேரணும்" என்றார். அந்த ஒரு தடவை நான் பதில் பேசாமல் விட்டுக்கொடுத்தேன்.

கார் வீட்டுக்கு வந்த அன்று அம்மா குளித்து, நல்ல சேலை கட்டி, வாசலில் கற்பூரம் ஏற்றினார். நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம். நான்தான் ஏற்றி நசுக்க வேண்டும் என்றார். பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, எலுமிச்சைச் சாறு ரப்பருக்கு நல்லதா என்று மரியாதையாக விசாரித்தார். ரொம்ப நல்லது என்றார் குமார்.

பழம் வாங்கி வந்த வலைப்பையில் மிச்சமிருந்த ஒன்றை அம்மா எடுத்துக்கொண்டு முன்னால் ஏறினார். பழக்கதோஷம். நாங்கள் கடற்கரை வரைக்கும் போனோம். மறுவாரம் மலைக்குப் போனோம். அதற்கடுத்து இனியாவை ட்ரோன்ட்ஹெய்மில் விட இரண்டு நாள் பயணம் போனோம். நான் ஓட்ட, அம்மா முன்னால், குமாரும் இனியாவும் அந்தக் கல்யாண மண்டபத்துச் சோபாவில். அவளுடைய பெட்டிகளுக்கு நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, காதில் மாட்டுவது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தெரியாமல், வேறு வழியில்லாமல் இனியா அம்மாச்சியோடு தமிழில் பேசிக்கொண்டு வந்தாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிட்டது. பிறகு அம்மா அவளுக்குக் கொஞ்சம் தெலுங்கு சொல்லிக் கொடுத்தார். விடுதி வாசலில் நான் அழுதபோது, "பரவாலேது" என்றாள் என் மகள்.

8

இன்று டயர் மாற்றிய காரை வீட்டில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே மாலை வெயில் இறங்கியிருக்கும். பின்னால் பக்கத்து வீட்டு டிவி ஓடுகிற சத்தம் கேட்டது.

"உங்க எலுமிச்சம்பழம் கெடச்சிருச்சும்மா. சீட்டுக்கு அடியில இருந்திருக்கு."

"எந்தப் பழம்?"

சொன்னேன். சிரித்தார். "கருமம், அதப் போயி எடுத்து வச்சுக்கிட்டு. தூரப் போடு." பிறகு, "விசா வந்திருச்சு. தம்பி போன் பண்ணிச் சொன்னான். ஏர்போர்ட்டுக்கு நீ வண்டிய எடுத்துட்டு வருவேல்ல?"

"நான்தான் வருவேன்."

"மாப்ள வரட்டும், வேணாம்னு சொல்லல. பின்னால உக்காந்துக்கிடட்டும். இந்தத் தடவ பெட்டி பெருசு, அதையும் அவிய பக்கத்துல வச்சுக்கிடலாம்."

சரி என்றேன். உங்களுக்குச் சோர்வாக இருக்கிறதா, குரல் ஒரு மாதிரி இருக்கிறதே என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்ல. வன்னியம்பட்டியில ஒரு கல்யாணம், போயிட்டு இப்பத்தான் வந்தேன். வாடகைக் கார்தான். டிரைவர் பொம்பளப் பிள்ள, நம்ம தெரு பிள்ளதான் ஓட்டுது. அப்படியே வில்லிபுத்தூர் போயிச் சாமி கும்பிட்டுட்டு வரலாம்னு நாங்க நாலு பேரு போனோம். உங்க சித்தி பின்னால இருந்துக்கிட்டு வீட்டுக்கதை பேசிக்கிட்டே வாரா."

"ம்."

"அவ பாக்கல விஜி. ஒருத்தியும் பாக்கல. நான்தான் சொன்னேன், கோபுரம் தெரியுதுன்னு."